காரில் தாய்மடி போதாது

முதல் குழந்தைக்காகக் காத்திருக்கும் வீடுகளில் எழுதப்படும் சாமான் பட்டியல்களை நிறையப் பார்த்துவிட்டேன். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு, பழவங்காடி, கரமனை என்று பரவியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஏழாம் மாதம் கழிந்ததும் பட்டியல் தொடங்கிவிடும். கொசுவலை வைத்த மெத்தை, கடுகுத் தலையணை, பக்கத்துக்கு ஒன்றாக உருட்டுத் தலையணை, அரை டஜன் பால் புட்டி, புட்டியை ஆவியில் வேகவைக்கும் கருவி, பவுடர் டப்பா, வாக்கர், தள்ளுவண்டி, டயப்பர் மூட்டை. வாசலில் கார் நிற்கும் வீடுகளிலும் ஒரு பொருள் மட்டும் பட்டியலில் இருக்காது. காரில் குழந்தையை வைத்துக் கட்டும் இருக்கைதான் அது. ஏன் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "அது எதுக்கு? அதான் அம்மா மடி இருக்கே."

இந்தப் பதில் தவறு. அன்பிலிருந்து வருகிற பதில் என்பதாலேயே யாரும் அதை எதிர்த்துப் பேசுவதில்லை. பேசியாக வேண்டும்.

பட்டியலை அடித்துத் திருத்துகிற நிதானமானவர்களும் உண்டு. குழந்தைக்குத் தாய்ப்பால், நாலு பழைய பருத்தித் துணி, உருக்குத் தேங்காய் எண்ணெய், படுக்கச் சமமான இடம், இது போதும் என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரி. சின்னக் குழந்தை படுக்கும் இடத்தில் தலையணையே கூடாது, மெத்தை தட்டையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. அப்படிப் பார்த்தால் கடுகுத் தலையணைக்கும் உருட்டுத் தலையணைக்கும் வேலையே இல்லை. வாக்கரில் உருண்டு படிக்கட்டில் விழும் குழந்தைகளைப் பார்த்துக் கனடா 2004-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. பால் புட்டிக்கும் பால் மாவுக்கும் விளம்பரம் செய்வதை இந்தியச் சட்டம் 1992-லேயே தடுத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2015-இல் கொண்டுவந்த அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, உடுப்பு, மெத்தை, கொசுவலை, எண்ணெய், நகவெட்டி, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று 16 பொருட்கள் இருந்தன. பெட்டகத்தின் மதிப்பு 1,000 ரூபாய். பிறந்த குழந்தைக்கு வீட்டுக்குள் வேண்டியதில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும்.

விற்கிறவன் "அவசியம்" என்று சொன்னதாலேயே ஒரு பொருள் அவசியமாகிவிடாது என்பதற்கு ஆறாத உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் விற்ற சாய்வுத் தொட்டிலில் முப்பதுக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகள் இறந்த செய்தி வெளிவந்த பிறகு, 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. அதனால் பட்டியலைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவர்களின் பக்கம்தான் நானும் நிற்கிறேன். ஆனால் தள்ளுவண்டியை அடித்த அதே பேனாவால் அவர்கள் கார் இருக்கையையும் அடித்துவிடுகிறார்கள். இரண்டும் கடையில் ஒரே வரிசையில் நிற்கின்றன, இரண்டுக்கும் விலை அதிகம், இரண்டும் வெளிநாட்டுப் படங்களில் பார்த்தவை. அதனால் இரண்டும் பகட்டு என்று முடிவாகிவிடுகிறது. தள்ளுவண்டி இல்லாவிட்டால் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். கார் மோதும் அந்த நொடியில் இருக்கையின் வேலையைச் செய்ய வீட்டில் வேறு எந்தப் பொருளும் இல்லை, எந்த ஆளும் இல்லை.

2024 செப்டம்பர் கடைசியில் மலப்புறம் மாவட்டத்தில் ஒரு காரும் டாங்கர் லாரியும் மோதின. முன் இருக்கையில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை, விரிந்த ஏர்பேக்குக்கும் தாயின் உடம்புக்கும் நடுவே அகப்பட்டு உயிரிழந்தது. கேரளம் முழுக்கப் பதறியது. அக்டோபர் முதல் பாதியிலேயே திருவனந்தபுரத்திலிருந்து போக்குவரத்து ஆணையரின் அறிவிப்பு வந்தது: காரில் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தனி இருக்கை, அதற்கு மேல் 14 வயது வரை 135 செ.மீ. உயரத்தை எட்டாதவர்களுக்கு உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர். அக்டோபரில் விழிப்புணர்வு, நவம்பரில் எச்சரிக்கை, டிசம்பரில் 1,000 ரூபாய் அபராதம். அறிவிப்பின் மை காயும் முன்பே போக்குவரத்து அமைச்சர் கே.பி.கணேஷ் குமார், இதைக் கட்டாயமாக்கும் எண்ணம் அரசுக்கு இல்லை, விழிப்புணர்வு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். ஊரே பெருமூச்சு விட்டது. தேநீர்க் கடைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் அன்று கேட்ட பேச்சு நன்றாக நினைவிருக்கிறது: நம் நாட்டுக்கு ஒத்துவராத சட்டம், நல்லவேளை, மந்திரிக்குப் புத்தி இருக்கிறது.

ஆணையர் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு 2019 செப்டம்பர் 1 முதல் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் கொண்டு போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று அது சொல்கிறது. ஐந்து வருடம் தூங்கிய சட்டத்தை ஒருவர் எழுப்பினார், மறுபடி தூங்க வைத்தோம். இதற்கு முந்தைய வருடமும் இப்படியே நடந்தது. 2023-இல் கேரளம் முழுக்க 726 ஏஐ கேமராக்கள் வைத்தபோது, இருசக்கர வண்டியில் மூன்றாவது ஆளாகப் போகும் 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அபராதம் இல்லை என்று அப்போதைய அமைச்சர் விலக்கு அளித்தார். இரண்டு முறையும் அரசு இரக்கம் காட்டியது பெற்றோரின் பணப்பையின் மேல்.

இனி மடியின் கதைக்கு வருகிறேன். 40 கி.மீ. வேகம் என்பது பாளையத்திலிருந்து பட்டம் போகிற சாதாரண வேகம். அந்த வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றுவிட்டால், மடியிலிருக்கும் 5 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 55 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். வேகம் 80 என்றால் அதே கணக்கில் 110 கிலோ. மோதப் போகிறோம் என்று தெரிந்து கையை இறுக்குவதற்கு நேரம் கிடைக்காது. ஆறு நாள் முன்பு வயிற்றைக் கிழித்துத் தைத்த ஒரு பெண்ணால் இது ஆகுமா? பிரசவம் பார்க்க வந்த அறுபது வயது அம்மாவால் ஆகுமா? பளு தூக்கும் வீரராலும் ஆகாது. பிடி நழுவும், குழந்தை முன்னால் பறக்கும். தாய் பெல்ட் போடாமல் இருந்தால் அவருடைய உடம்பும் குழந்தையின் மேலேயே போய் விழும். ஒரே பெல்ட்டைத் தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம், தாயின் எடை முழுதும் குழந்தையை அந்தப் பட்டையில் வைத்து நசுக்கும்.

இந்தச் சண்டை மற்ற நாடுகளிலும் நடந்து முடிந்த சண்டைதான். குழந்தைக்குக் கார் இருக்கை கட்டாயம் என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் டென்னசி. வருடம் 1977. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் சட்டசபையில் ஒவ்வொரு உறுப்பினராகப் பார்த்துப் பேசி அதைக் கொண்டுவந்தார். ஆனால் எதிர்ப்பைச் சமாளிக்க ஒரு விலக்கைச் சேர்க்க வேண்டியிருந்தது: பெரியவர் ஒருவர் கையில் பிடித்திருந்தால் இருக்கை வேண்டாம். நாம் இன்று சொல்கிற அதே "அம்மா மடி". அந்த விலக்கு குழந்தைகளை நசுக்கிக் கொல்கிறது என்று மருத்துவர்கள் விடாமல் சொன்னார்கள். 1981-இல் அதை நீக்கினார்கள். 1985-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் இப்படி ஒரு சட்டத்தை ஏற்றுக்கொண்டன. பயணக் கார்களில் சரியாகப் பொருத்திய இருக்கை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரண ஆபத்தை 71 சதவீதமும், 1 முதல் 4 வயது வரையுள்ளவர்களுக்கு 54 சதவீதமும் குறைக்கிறது என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டிருக்கிறது. வீட்டுப் பட்டியலில் இருக்கும் மற்ற எந்தப் பொருளாவது இதில் பத்தில் ஒரு பங்கு பலனையாவது காட்ட முடியுமா?

"அதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்பவர்களுக்கு வளைகுடாவைக் காட்டுகிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 ஜூலை முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்குக் கார் இருக்கை கட்டாயம், தவறினால் 400 திர்ஹம் அபராதம். அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்க் குடும்பங்கள் ஒழுங்காக வாங்கிப் பொருத்துகின்றன. குழந்தைகளும் பழகிவிடுகின்றன. அதே குடும்பம் விடுமுறைக்கு வந்து சாக்கை விமான நிலையத்தில் இறங்கியதும், தாத்தா ஓட்டிவந்த காரின் முன் இருக்கையில் குழந்தையைப் பாட்டி மடியில் வைத்துக்கொண்டு கிளம்புகிறது. துபாயில் அபராதத்துக்குப் பயந்து செய்ததை இங்கே குழந்தைக்காகச் செய்ய முடியாதா? குழந்தையின் கழுத்து இரண்டு ஊரிலும் ஒரே கழுத்துதான்.

நம் சாலையில் யார் வேகமாகப் போகிறார்கள் என்பதும் பழைய பேச்சு. கழக்கூட்டத்திலிருந்து தமிழக எல்லையையொட்டிய காரோடு வரை 43 கி.மீ. புறவழிச்சாலை வந்துவிட்டது. அதில் முக்கோலாவைத் தாண்டினால் கான்கிரீட் சாலை, காலியாக இருந்தால் எல்லாக் காரும் 80-க்கு மேலேதான். பிரசவம் முடிந்து நாகர்கோவிலுக்கோ தக்கலைக்கோ தாய் வீட்டுக்குப் போகிற பெண் இந்த வழியாகத்தான் போகிறாள். சாலை விபத்தில் கேரளம் ஆண்டுக்கு நாலாயிரம் பேர் அளவில் இழந்துகொண்டிருக்கிறது.

விலையைப் பற்றிப் பேசாமல் போகக் கூடாது. பிறந்த குழந்தைக்கான இருக்கை நாலைந்தாயிரம் ரூபாயில் தொடங்குகிறது, நாலு வயது வரை வருகிற மாதிரி வேண்டுமென்றால் அதைவிடக் கூடும். சின்னத் தொகை இல்லை. கார் இல்லாத வீட்டில், ஆட்டோவிலும் பஸ்ஸிலும் போகிற வீட்டில் இதை வாங்கச் சொல்லவே மாட்டேன். ஆட்டோவில் பொருத்தவும் முடியாது. ஆனால் எட்டு லட்சத்துக்குக் கார் வாங்கிய வீடு இதை எட்டாத விலை என்று சொல்வதை ஏற்க மாட்டேன். இருபத்தெட்டாம் நாள் நூலுகெட்டுக்குக் குழந்தையின் இடுப்பில் பொன் அரைஞாண் போடுகிறோம். ஆணையர் அந்த அறிவிப்பை வெளியிட்ட 2024 அக்டோபரில் கேரளாவில் ஒரு பவன் 56,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. மாமா ஒரு பவன், சித்தப்பா அரைப் பவன் என்று வருகிற வீட்டில், அரைப் பவனுக்குப் பதில் கார் இருக்கை வாங்கிக் கொடுங்கள் என்று சொல்ல ஒரு வாய்தான் வேண்டும். கொடுக்கிறவருக்கும் அதில் குறைச்சல் இல்லை.

இரவல் வாங்கியும் புழங்கலாம். பிறந்த குழந்தைக்கான கூடை வடிவ இருக்கை ஏறத்தாழ ஒரு வருடத்தில் சின்னதாகிவிடும். திருவனந்தபுரத்தில் தெருவுக்குத் தெரு குடியிருப்போர் சங்கம் இருக்கிறது, அவற்றுக்கு ஃப்ராட் என்ற கூட்டமைப்பும் இருக்கிறது. ஒவ்வொரு சங்கமும் இரண்டு இருக்கை வாங்கி வைத்து வீடு மாற்றி வீடு கொடுத்தால் செலவு ஒரு பேச்சே இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: விபத்தில் சிக்கிய காரிலிருந்த இருக்கையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அதன் உள்ளே விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

"குழந்தை அழும்" என்பது அடுத்த தடை. என் உறவில் ஒரு வீட்டில் இருக்கை வாங்கி வந்த அன்று, நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த பாட்டி அதன் பட்டைகளைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்: "ஏன் மக்களே, பச்சப் புள்ளையக் கெட்டிப் போட்டா கொண்டுபோவ?" அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது பாசம், அதை எடுத்தெறிந்து பேச முடியாது. மகள் பாட்டியைப் பின் இருக்கையிலேயே குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அவருக்கும் பெல்ட் போட்டுவிட்டார். குழந்தை கொஞ்சம் சிணுங்கியது. பாட்டி விரலைக் கொடுத்தார், பிடித்துக்கொண்டது. முதல் நாளிலிருந்தே இதில் போகிற குழந்தைக்கு இது பழகிவிடும். ஒரு வயது வரை மடியில் வைத்துப் பழக்கிவிட்டு அதன் பிறகு கட்டினால் கட்டாயம் அழும், அதில் சந்தேகமே இல்லை. அழுகிற குழந்தையைச் சாலையோரம் காரை நிறுத்தித் தூக்கிச் சமாதானப்படுத்தலாம். ஓடுகிற காரில் அவிழ்த்து எடுப்பதுதான் கூடாது.

வாங்கினால் மட்டும் போதாது, சரியாகப் பொருத்தவும் வேண்டும். கடையில் பெட்டியைக் கட்டிக் கொடுப்பார்களே தவிரக் காட்டிக் கொடுக்க ஆள் இருப்பது அபூர்வம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பிறந்த குழந்தையின் இருக்கை பின் சீட்டில், காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். குழந்தையின் தலை உடம்பில் கால்வாசி நீளம், கழுத்தில் பலமே கிடையாது. பின்னோக்கி இருந்தால் மோதலின் வேகத்தை முதுகுப் பலகை தலை, கழுத்து, முதுகு முழுதுக்கும் பரப்பி வாங்கிக்கொள்ளும். ஜெமினி விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்தபடி புறப்படுவதைப் பார்த்துத்தான் ஸ்வீடனின் பெர்டில் ஆல்ட்மன் 1960-களில் இந்த முறையைக் கண்டறிந்தார். அங்கே நாலு வயது வரைகூடப் பின்னோக்கியே உட்கார வைக்கிறார்கள். ஏர்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில் இதை வைக்கவே கூடாது. உங்கள் காரில் பக்கத்து சீட்டின் வெயில் மறைப்பை இறக்கிப் பாருங்கள், குழந்தை இருக்கைக்குக் குறுக்குக் கோடு போட்ட படம் அங்கேயே ஒட்டியிருக்கும்.

தோள் பட்டைகள் குழந்தையின் தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். இறுக்கிய பிறகு தோள்பட்டைக்கு மேல் அந்தப் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். விரலுக்குள் மடிப்பு சிக்கினால் தளர்வு என்று அர்த்தம், இன்னும் இழுங்கள். தடித்த கம்பளியில் சுற்றிக் கட்டினாலும் பட்டை தளர்ந்துவிடும். முதலில் கட்டிவிட்டு மேலே துணியைப் போர்த்துங்கள். இருக்கை காரோடு பொருந்தும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. புதிய கார்களில் பெரும்பாலும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறது, பின் சீட்டின் மடிப்புக்குள் விரல் விட்டால் தட்டுப்படும். அது இல்லாத காரில் சீட் பெல்ட்டிலேயே கட்டும் மாதிரிகள் கிடைக்கின்றன. வாங்கும்போது ஈசிஇ ஆர்44 அல்லது ஆர்129 முத்திரை, அல்லது இந்தியாவின் ஏஐஎஸ் 072 தரம் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாத, துணியில் பஞ்சு வைத்துத் தைத்த மலிவு "கார் சீட்" எதையும் தொடாதீர்கள்.

பிறந்த குழந்தையை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இதில் வைக்காமல் இருப்பது நல்லது. தலை முன்னால் சாய்ந்தால் மூச்சு அடைக்கும். நாகர்கோவில் போகிறவர்கள் களியக்காவிளையில் நிறுத்தி, எடுத்து, பால் கொடுத்து, மறுபடி கட்டிக்கொண்டு போகலாம். வீட்டுக்கு வந்த பிறகு அதிலேயே தூங்க விடவும் கூடாது.

இருசக்கர வண்டியில் குழந்தையை நடுவில் வைத்துப் போகிற குடும்பங்களுக்கு என்ன வழி என்று கேட்பார்கள். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. பைக்கில் போகிற ஏழையைக் காட்டி, காரில் போகிறவர் தன் கடமையைத் தள்ளிப்போட முடியாது.

அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். விழிப்புணர்வு மட்டும் போதும் என்று 2024-இல் அரசு சொன்னது. அந்த விழிப்புணர்வை எஸ்.ஏ.டி. மருத்துவமனையிலும் தைக்காடு பெண்கள்-குழந்தைகள் மருத்துவமனையிலும் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் மேசையில் தொடங்குங்கள். தடுப்பூசி அட்டை கொடுக்கும்போது "குழந்தை எதில் வீட்டுக்குப் போகிறது?" என்று ஒரு செவிலியர் கேட்டால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். பிறகு அபராதத்தையும் கொண்டுவாருங்கள். பின்னால் உட்காருகிறவருக்குத் தலைக்கவசம் கட்டாயம் என்றபோதும் இதே கேரளம் முணுமுணுத்தது, இன்று போட்டுக்கொண்டுதான் போகிறது.

பிரசவத் தேதி நெருங்குகிற வீட்டில் கார் இருந்தால், பட்டியலில் வாக்கரையும் கடுகுத் தலையணையையும் அடித்துவிட்டு இந்த ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பதாம் மாதத்துக்குள் வாங்கிப் பின் சீட்டில் பொருத்தி, ஐந்து கிலோ அரிசிப் பையை அதில் வைத்துக் கட்டி அவிழ்த்துப் பழகுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும் நாளில் பையைத் தூக்க, மருந்து வாங்க, பில் கட்ட ஆள் இருப்பார்கள். பட்டையை எப்படி இறுக்குவது என்று தெரிந்த ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருக்கட்டும்.